ஊற்றண்டைக்குப் போவோம்

இம்மாதப் பாடம்
வாசிக்க வேண்டிய பகுதி: 2 இராஜாக்கள் 2:19–22



எரிகோ பட்டணத்தார் எலிசா தீர்க்கதரிசியிடம் வந்து முறையிட்ட சம்பவம் நம் எல்லாருக்கும் தெரிந்ததே. ஊர் நல்ல ஊர்தான். ஆனால் குடிதண்ணீர் கெட்டுப்போயிருந்தது. அதனால் நிலமும் விளையவில்லை. ஜனங்கள் எத்தனையோ வருஷமாக அதே தண்ணீரைக் குடித்துக் கஷ்டப்பட்டிருக்க வேண்டும். எலிசா என்ன செய்தார்? ஒரு புதுப் பாத்திரத்தில் கொஞ்சம் உப்புக் கொண்டுவரச் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு, தண்ணீர் எங்கே புறப்படுகிறதோ அந்த ஊற்றண்டைக்கே நேராகப் போனார்.

இந்த நான்கு வசனங்களில் மூன்று காரியங்களைக் குறித்துக்கொள்வோம். முதலாவது, அவர் போன இடம்: துன்பம் தெரிகிற இடத்துக்குப் போகாமல், துன்பம் தொடங்குகிற இடத்துக்குப் போனார். இரண்டாவது, அவர் கையில் இருந்த பொருள்: எந்த ஏழை வீட்டு அடுப்பங்கரையிலும் இருக்கும் உப்பு. மூன்றாவது, அதைக் கொண்டுவந்தவர்கள்: அந்த ஊராரே.

ஆப்பிரிக்காவின் கிராமங்களில் நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஓர் உதவிப் பணி இந்த மூன்று பாடங்களையும் நமக்குக் கண்முன் காட்டுகிறது. மருத்துவ ஊழியத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் காணிக்கை கொடுத்துவருகிற நாம், அதைச் சற்று நிதானமாகக் கற்றுக்கொள்வது நல்லது.

நம் முன்னோருக்குத் தெரிந்த நோய்

தமிழில் இந்த நோய்க்கு நரம்புச் சிலந்தி என்று பெயர். கினிப்புழு நோய் என்றும் சொல்வார்கள். வயதான வாசகர்கள் சிலருக்குக் கேள்விப்பட்ட ஞாபகம் இருக்கும். காலில் ஒரு கொப்புளம் எழும்பும். நெருப்பை வைத்தாற்போல் எரியும். சில நாளில் அது உடைந்து, நரம்போ நூலோ என்று மயங்கும்படி ஒரு வெள்ளைப் புழு மெல்லத் தலைகாட்டும். அதன் நீளம் இரண்டடி முதல் மூன்றடி வரை. வனாந்தரத்தில் இஸ்ரவேலரை வாதித்த கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் இந்தப் புழுதானோ என்று எண்ணிய ஆராய்ச்சியாளர்களும் உண்டு.

நம் நாட்டிலும் இது இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் இந்திய அரசு இதை ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, நோய்க்குரியவை என்று கணக்கிடப்பட்ட ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 1984-இல் நாடு முழுவதும் சுமார் 40,000 பேர் நோயாளிகளாகக் கணக்கெடுக்கப்பட்டார்கள். படிகளில் இறங்கிக் காலை நனைத்துத் தண்ணீர் மொள்ளும் கிணறுகளே இதற்கு முக்கிய இடமாயிருந்தன. இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் இந்நோய் இல்லை என்று சான்று அளித்தது.

ஆப்பிரிக்காவில் நிலைமை இதைவிட மிக மோசமாயிருந்தது. 1986-இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 35 லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் இந்நோய் வந்ததாக மதிப்பிட்டார்கள். சுமார் இருபது நாடுகள் அந்தப் பட்டியலில் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆப்பிரிக்க நாடுகள். செனகல், மாலி, கானா, நைஜீரியா, சாட், சூடான், எத்தியோப்பியா, உகாண்டா என்று கண்டத்தின் குறுக்கே ஒரு பட்டையைப் போல நோய் பரவியிருந்தது.

புழு எப்படி வருகிறது?

ஒழிக்க வழி பிறந்ததே இதைப் புரிந்துகொண்டதால்தான். ஆகையால் இதைக் கவனமாக வாசியுங்கள்.

குளத்துத் தண்ணீரில் சைக்ளாப்ஸ் என்னும் சிறு பூச்சி வாழ்கிறது. கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், துள்ளித் துள்ளி நீந்தும் புள்ளியாகத் தெரியும். நோயின் குஞ்சுப் புழு இந்தப் பூச்சியின் வயிற்றுக்குள் இருக்கும். தண்ணீரைக் குடிக்கிறவர் பூச்சியையும் சேர்த்துக் குடிக்கிறார். பூச்சி வயிற்றில் செத்துப்போகும். குஞ்சுப் புழுவோ குடலைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் போய்விடும். பத்து முதல் பதினான்கு மாதம் வரை ஒரு தொந்தரவும் தெரியாது. அதன்பின் நன்றாக வளர்ந்த பெண் புழு தோலை நோக்கி வருகிறது. பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் வெளிப்படும்.

எரிச்சல் தாங்காமல் நோயாளி என்ன செய்வார்? காலைக் கொண்டுபோய்க் குளத்தில் வைப்பார். நாமாயிருந்தாலும் அதைத்தான் செய்வோம். கால் தண்ணீரில் பட்டதும் புழு லட்சக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அவற்றைச் சைக்ளாப்ஸ் தின்னும். இரண்டு வாரம் சென்றபின் அந்தத் தண்ணீரைக் குடிக்கிற அண்டை வீட்டாருக்கும், அவர் பிள்ளைகளுக்கும் அடுத்த வருஷத்துக்கான நோய் தயாராகிவிடும். வேதனையைத் தணிக்க ஒருவர் செய்த காரியமே ஊர் முழுவதற்கும் வேதனையாக மாறிவிடுகிறது.

இந்நோயைக் குணமாக்கும் மருந்து கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்ற பாதுகாப்பும் இல்லை. வெளியே வந்த புழுவை ஒரு சிறு குச்சியிலோ துணிச் சுருளிலோ சுற்றி, தினமும் சில சென்டிமீட்டராக, வாரக்கணக்கில் பொறுமையாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும். உள்ளே தங்கிய பகுதி சீழ் பிடித்து, காலே வீங்கி, சிலருக்கு மூட்டு விறைத்துப்போகும்.

வெறுமையான களஞ்சியம்

நரம்புச் சிலந்தியால் சாகிறவர் மிகக் குறைவு. அதனாலேயே பெரிய உலகம் நெடுநாள் இதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் மாலி நாட்டு தோகோன் மக்கள் இதற்கு வைத்த பெயரைக் கேளுங்கள்: வெறுமையான களஞ்சியத்தின் நோய்.

ஏன் அந்தப் பெயர்? விதைப்புக் காலத்திலோ அறுப்புக் காலத்திலோதான் புழு வெளிவருகிறது. வீட்டில் வேலை செய்யக்கூடிய இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் படுத்துவிடுவார்கள். சில வாரம், சிலருக்கு மாதக்கணக்கில் நடக்க முடியாது. மழை நமக்காகக் காத்திருக்குமா? விதைக்க வேண்டிய வாரம் போய்விட்டால் அந்த வருஷம் போய்விட்டது. தென்கிழக்கு நைஜீரியாவின் நெல் விளையும் ஒரு பகுதியில் 1987-இல் யுனிசெப் நடத்திய ஆய்வு, இந்த ஒரு நோயால் விவசாயிகள் ஓர் ஆண்டில் சுமார் இரண்டு கோடி டாலர் வருமானத்தை இழந்தார்கள் என்று மதிப்பிட்டது.

பிள்ளைகளின் படிப்பும் இதே புண்ணில் சிக்கிக்கொண்டது. புழு வந்த பிள்ளை மைல்கணக்கில் நடந்து பள்ளிக்கூடம் போக முடியாது. புழு வராத பிள்ளையும் போக முடியாது. தகப்பனார் படுத்துவிட்டால் மண்வெட்டியை எடுக்க மூத்த பையன் வேண்டும், தாயார் படுத்துவிட்டால் தண்ணீர் சுமக்கவும் கைக்குழந்தையைத் தூக்கவும் பெண்பிள்ளை வேண்டும். நைஜீரியாவில் நடந்த ஆய்வுகளில், பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக இந்நோய் காணப்பட்டது. அந்த ஊர்களில் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்திருந்தாலும், நோய்க் காலத்தில் பெஞ்சுகள் காலியாகத்தான் இருந்திருக்கும்.

சுகாதாரத்துக்கு ஒரு காணிக்கைப் பை, கல்விக்கு இன்னொரு பை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். குளத்தங்கரையில் வாழும் குடும்பத்துக்கு இரண்டும் ஒரே பைதான்.

முதலாம் பாடம்: போக வேண்டிய இடம்

நாம் ஆஸ்பத்திரி ஊழியத்தைத் தாங்குகிறவர்கள். ஆகவே இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: உலகத்திலேயே சிறந்த ஆஸ்பத்திரியும் இந்நோயை ஒழித்திருக்க முடியாது.

இப்படிப்பட்ட ஒரு பகுதியில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தால் என்ன செய்ய முடியும்? புண்ணைக் கழுவிக் கட்டலாம். சீழ் பிடிக்காமல் மருந்து கொடுக்கலாம். டெட்டனஸ் என்னும் இசிவு நோய் வராமல் ஊசி போடலாம். இவையெல்லாம் அவசியமான இரக்கச் செய்கைகள். ஆனால் நோயாளி வீட்டுக்குத் திரும்பி அதே குளத்தில் குடிக்கிறார். அடுத்த வருஷம் வேறொரு புழுவோடு அதே வாசலில் வந்து நிற்கிறார். ஆஸ்பத்திரிக்கு நடந்து வர முடியாதவர்களோ கணக்கிலேயே வருவதில்லை.

1980-இல் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையத்தில் டாக்டர் டொனால்ட் ஹாப்கின்ஸ் முதலானோர் இதைத்தான் சிந்தித்தார்கள். பெரியம்மையை உலகத்தைவிட்டு ஒழித்தாயிற்று. கடைசியாக இயற்கையாகப் பெரியம்மை கண்டது 1977-இல். அதற்குத் தடுப்பூசி இருந்தது. தடுப்பூசி இல்லாத ஒரு நோயை, ஜனங்களுக்குக் கற்பிப்பதாலேயே ஒழிக்க முடியுமா? 1986-இல் உலக சுகாதார மகாசபை இதற்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் கார்ட்டர் மையம் இந்தப் பணிக்குத் தலைமை ஏற்றது. கார்ட்டர் தம் சொந்த ஊர்ச் சபையில் ஞாயிறு வேதபாடம் நடத்திவந்தவர் என்பதைப் பலரும் அறிவோம். 1988-இல் அவர் கானாவின் ஒரு கிராமத்துக்குப் போனபோது, ஓர் இளம்பெண் கைக்குழந்தையை மார்போடு அணைத்திருப்பதாக எண்ணி அருகே சென்றார். அவள் பிடித்திருந்தது குழந்தை அல்ல, புழு வெளிவந்து வீங்கிப்போயிருந்த அவளுடைய மார்பு. அந்தக் காட்சியை அவர் பின்னாட்களில் பலமுறை நினைவுகூர்ந்தார்.

இவர்கள் எல்லாரும் போன இடம் ஒன்றே: குளத்தங்கரை.

இரண்டாம் பாடம்: கையில் இருந்த பொருள்

நம் பாட்டிமார் குடத்தின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டித் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறோம். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான பேரைக் காப்பாற்றிய கருவி அதுவேதான். சைக்ளாப்ஸ் பூச்சி துணியில் தங்கிவிடும். புழு வயிற்றுக்குப் போகாது. கிராமத்தில் கிடைக்கும் பருத்தித் துணி சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது என்பதால், 1990 முதல் நுண்ணிய கண்ணுள்ள நைலான் துணியை டூபாண்ட் போன்ற கம்பெனிகள் இலவசமாகக் கொடுத்தன. வயலுக்கும் மேய்ச்சலுக்கும் போகிறவர்களுக்காக, முனையில் வடிகட்டி வைத்த உறிஞ்சு குழாய் ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் செய்தார்கள். சூடானில் மட்டும் இப்படிப்பட்ட குழாய்கள் லட்சக்கணக்கில் கொடுக்கப்பட்டன.

துணியோடு வேறு மூன்று காரியங்களும் சேர்ந்தன. நோய் கண்ட குளத்தில் அபேட் மருந்தை அளவாக ஊற்றிச் சைக்ளாப்ஸைக் கொன்றார்கள். நம் ஊரில் கொசுப் புழுவுக்காகத் தொட்டியில் ஊற்றும் அதே மருந்துதான். முடிந்த இடங்களில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டி அடிபம்பு வைத்தார்கள். புழு வெளிவரத் தொடங்கியவரை 24 மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து, புண்ணைக் கட்டி, அவர் தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். இந்த நான்கில் ஒன்றுகூட விலை உயர்ந்த மருத்துவ யந்திரம் அல்ல.

மூன்றாம் பாடம்: கொண்டுவந்த ஊரார்

துணியைக் கொடுத்துவிட்டுப் போனால் போதுமா? போதாது. குடிக்கிற தண்ணீரில்தான் புழு வருகிறது என்பதையே பல ஊர்களில் யாரும் நம்பவில்லை. இன்று குடித்த தண்ணீருக்கு அடுத்த வருஷம் கால் வலிக்கும் என்று சொன்னால் யார்தான் உடனே நம்புவார்? சாபம் என்றார்கள், சூனியம் என்றார்கள், இரத்தத்திலேயே உள்ளது என்றார்கள்.

ஆகவே ஒவ்வொரு கிராமத்திலும் அந்த ஊர்க்காரர் ஒருவரையே தன்னார்வ ஊழியராகத் தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பெரிய படிப்பு அவசியமில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படங்கள் வரைந்த அட்டைகளும் பதிவேடுகளும் தயாராயின. அவர் வீடு வீடாகப் போவார். குளத்துத் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் காட்டுவார். அதே தண்ணீரைத் துணியில் வடித்து மறுபடி காட்டுவார். முன்னே நீந்தினது இப்போது இல்லை! எந்தப் பிரசங்கத்தையும்விட அந்தக் குவளை நன்றாகப் பேசியது. மாதந்தோறும் அவர் கணக்குக் கொடுக்க வேண்டும். நோயாளி ஒருவரும் இல்லாவிட்டாலும் பூஜ்யம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் சுமக்கிறவர்கள் பெண்கள். ஆகவே பெண்கள் இந்த வேலைக்கு வந்த இடங்களில் பலன் அதிகமாயிருந்தது. பள்ளிப் பிள்ளைகளும் உதவினார்கள். வகுப்பில் கற்றதை வீட்டில் போய்ச் சொன்னார்கள். புழு வந்தவர் குளத்தில் இறங்கினால் தடுத்தார்கள். நோயால் பள்ளியை இழந்த பிள்ளைகளே நோயைத் துரத்தும் வேலையில் கை கொடுத்தார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. சில ஊர்களில் குளம் முன்னோர்களுக்குரிய புனித இடம். அந்நியர் ஒருவர் வந்து அதில் மருந்து ஊற்றுவதை எப்படிச் சகிப்பார்கள்? அங்கே சண்டை போடாமல், ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். நைஜீரியாவின் முன்னாள் ஆட்சித் தலைவர் ஜெனரல் யாக்குபு கோவன் தாமே கிராமம் கிராமமாகப் போய் ஜனங்களிடம் பேசினார். நைஜீரியா முதன்முதலில் நாடு முழுவதும் தேடிக் கணக்கெடுத்தபோது ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். 2008-க்குப் பின் அங்கே ஒருவரும் இல்லை. 2013-இல் சான்று கிடைத்தது.

1995-இல் சூடானில் நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. வடக்கும் தெற்கும் யுத்தம் செய்துகொண்டிருந்த காலம். ஊழியர்கள் கிராமங்களுக்குள் போகவே முடியவில்லை. கார்ட்டர் இரு தரப்பாரோடும் பேசி, நரம்புச் சிலந்திப் பணிக்காகப் போர் நிறுத்தம் ஒன்றைப் பெற்றார். ஏறக்குறைய ஆறு மாதம் அது நீடித்தது. அந்த நாட்களில் வடிகட்டித் துணிகள் கிராமங்களுக்குப் போயின. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. ஆற்றுக் குருடு என்னும் கண் நோய்க்கும் மாத்திரை கொடுக்கப்பட்டது.

சறுக்கி விழுந்த இடங்கள்

வெற்றியை மட்டும் எழுதினால் அது பங்காளர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. 1991-இல் உலக சுகாதார மகாசபை, 1995-க்குள் நோயை ஒழிப்பது என்று குறி வைத்தது. அது நடக்கவில்லை. பிறகு 2009 என்றார்கள். பிறகு 2020 என்றார்கள். அதுவும் தாண்டி, இப்போது 2030 என்று குறித்திருக்கிறார்கள். ஏன் இந்தத் தாமதம்? இரண்டு உதாரணங்கள் போதும்.

வட கானாவில் சவேலுகு என்ற ஊர் இருக்கிறது. அங்கே குழாய்த் தண்ணீர் இருந்தது. ஜனங்களும் அதை நம்பியிருந்தார்கள். 2006-ஆம் ஆண்டின் கடைசியில் அந்தத் தண்ணீர் வசதி பழுதாகி நின்றுபோக, ஊரார் மறுபடியும் குளத்துக்கும் குட்டைக்கும் போனார்கள். சில மாதங்களுக்குள் நோய் பெரிதாகக் கிளம்பிவிட்டது. கானா அதிலிருந்து எழுந்து, 2010-இல் கடைசி நோயாளியைக் கண்டு, 2015-இல் சான்று பெற்றது. ஆனாலும் பாடம் பாடம்தான். தண்ணீர் வசதியை அமைக்கக் கொடுக்கிறவர்கள் பலர். அதைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறவர்கள் சிலர்.

அடுத்தது சாட் நாடு. பத்து வருஷமாக அங்கே ஒரு நோயாளியும் அறிவிக்கப்படவில்லை. ஒழிந்தது என்று எண்ணியிருந்தபோது 2010-இல் மறுபடி தலைகாட்டியது. 2012 முதல் யாரும் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது: நாய்களுக்கும் அதே புழு வந்திருந்தது. பின்வந்த ஆண்டுகளில், ஒரே ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களில் புழு காணப்பட்டதும் உண்டு. ஆற்று மீனின் குடலை நாய்கள் தின்பதால் இப்படி ஆகியிருக்கலாம் என்று கருதி, குடலைப் புதைக்கும்படி கற்பித்தார்கள். புழு வந்த நாயைக் கட்டிவைத்துத் தகவல் சொல்லுகிறவருக்குச் சன்மானமும் கொடுத்தார்கள். மறுபடியும் வீடு வீடாக, மறுபடியும் பொறுமையாக!

இத்தனை சறுக்கலுக்குப் பிறகும் கணக்கைப் பாருங்கள். 1986-இல் 35 லட்சம். 2024-இல் உலகம் முழுவதிலும் 15 பேர். தாம் சாகும் முன் கடைசிப் புழு செத்துப்போக வேண்டும் என்று கார்ட்டர் விரும்பினார். 2024 டிசம்பர் 29-ஆம் தேதி, நூறு வயதில் அவர் காலமானார். கடைசிப் புழு அவருக்கு முன் சாகவில்லை. ஆனால் அவர் ஆரம்பித்த நாளில் லட்சக்கணக்கில் எண்ணியதைப் பெயர் சொல்லி எண்ணும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நமக்கு வரும் கேள்வி

இனி நம்மிடம் வருவோம். நம் சபைகளில் மின்விசிறியின் இறக்கையில்கூட அன்பளிப்பு என்று பெயர் எழுதும் வழக்கம் உண்டு. அதைக் குறைகூற இதை எழுதவில்லை, அன்போடு கொடுக்கப்பட்டதே. ஆனால் வடிகட்டித் துணியில் யார் பெயரை எழுதுவது? கிராம ஊழியர் மாதக் கணக்கில் எழுதிய பூஜ்யத்துக்கு எந்தக் கல்வெட்டு வைப்பது? வராமல் போன புண்ணைப் புகைப்படம் எடுக்க முடியாது. அப்படிப்பட்ட உதவிக்கும் நம் கை நீளுமா என்பதே கேள்வி.

இதிலிருந்து கொடுக்கிறவர்களுக்கு நான்கு ஆலோசனைகள்:

1. ஊற்றைக் கேளுங்கள். எந்த உதவித் திட்டமானாலும், இந்தத் துன்பம் எங்கே தொடங்குகிறது, அங்கே யாராவது போகிறார்களா என்று விசாரியுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கொடுப்பதோடு, குளத்தங்கரைக்குப் போகும் சுகாதாரப் பணிக்கும் கொடுங்கள்.

2. கற்பிக்கிறவரைத் தாங்குங்கள். அவருடைய சைக்கிள், பயிற்சி வகுப்பு, பட அட்டை ஆகியவை கட்டிடத்தைப் போல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அவரில்லாமல் துணி வெறும் துணியே.

3. பழுதுபார்க்கக் கொடுங்கள். புதிதாக ஒன்று வைப்பதைப் போலவே, வைத்தது ஓடுவதும் ஊழியம். அடிபம்பின் தோல் வாஷர் தேய்ந்தால் ஊரே குளத்துக்குத் திரும்பும்.

4. எண்ணிக்கை குறையும்போது கையை மடக்காதிருங்கள். லட்சம் பேர் என்றால் நம் மனது உருகுகிறது. பதினைந்து பேர் என்றால் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் கடைசிச் சிலரைத் தேடுவதுதான் கடினம், செலவும் அதிகம். அந்தச் சிலரை விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் மறுபடி ஆயிரங்கள். தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனை அறிந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எரிகோவில் எலிசாவின் பெயரில் மண்டபம் எழுந்ததாக வேதத்தில் இல்லை. தண்ணீர் சுகமாயிற்று என்பது மாத்திரம் எழுதியிருக்கிறது. அந்த ஊர்த் தாய்மார் மறுநாள் காலை குடத்தோடு ஊற்றுக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் பயமின்றிக் குடித்திருப்பார்கள். ஊழியத்தின் பலன் அதுவே.

குழுவாகக் கலந்து பேச

1. நம் ஊரில் அடிக்கடி காணும் நோய் ஒன்றைச் சொல்லுங்கள். அதன் ஊற்று எது? அந்த இடத்துக்குப் போகிறவர்கள் யார்?

2. வேதனையில் இருப்பவர் செய்யும் காரியமே மற்றவர்களுக்குத் தீங்காகும்போது, அவரைக் குற்றப்படுத்தாமல் கற்பிப்பது எப்படி?

3. எலிசா ஏன் உப்பை ஊராரிடமே கேட்டார்? நம் உதவியைப் பெறுகிறவர்களிடம் நாம் எதைக் கேட்கிறோம்?

4. சென்ற ஆண்டு நம் சபை கொடுத்த காணிக்கையில் எவ்வளவு புதிதாக வாங்குவதற்கும், எவ்வளவு கற்பிப்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும் போயிற்று?

ஜெபக் குறிப்புகள்

சாட், தென் சூடான், எத்தியோப்பியா, மாலி நாடுகளில் வீடு வீடாகப் போகும் கிராம ஊழியர்களுக்காக. யுத்தத்தால் ஊழியர்கள் நுழைய முடியாத ஊர்களுக்காக. நோய் நீங்கியதால் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகளுக்காக ஸ்தோத்திரத்தோடு. நம் காணிக்கைகள் ஊற்றண்டைக்குப் போய்ச்சேர ஞானம் கிடைக்கவும் ஜெபிப்போம்.